‘சாரிட்டி’: ஒரு சொல்லின் உயர்வும் தாழ்வும்

1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:3-ஐ வாசிக்கும் மாணவர் திகைப்படைவது இயல்பே. ஒருவன் தன் உடைமைகள் யாவற்றையும் ஏழைகளைப் போஷிக்கக் கொடுத்தும், அவனிடத்தில் ‘சாரிட்டி’ இல்லாதிருக்கக்கூடும் என்று அங்கே காண்கிறோம். இன்றைய ஆங்கில வழக்கிலோ ஏழைகளுக்குக் கொடுப்பதே ‘சாரிட்டி’. வசனம் தன்னைத்தானே மறுப்பதுபோல் தோன்றுகிறது. இம்முரண்பாடு பவுலடியாரின் சிந்தையில் எழுந்ததன்று; ஒரு சொல்லின் வரலாற்றில் எழுந்தது.

இலத்தீனில் ‘காருஸ்’ என்பது விலையுயர்ந்தது என்றும், அன்புக்குரியது என்றும் பொருள்படும். நம் மொழியின் ‘அருமை’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பதை ஒப்புநோக்கலாம். ‘காருஸ்’ என்பதினின்று பிறந்த ‘காரித்தாஸ்’ என்னும் சொல், இலத்தீன் வேதாகமத்தில் ‘அகாப்பே’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாகப் பலவிடங்களில் ஆளப்பட்டது. அதுவே பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் ‘சாரிட்டி’ ஆயிற்று. இறைவன் மனிதனை அருமையாக எண்ணுவதும், மனிதன் பிறனை அருமையாக எண்ணுவதும் இதன் ஆதிப் பொருளில் அடங்கும்.

1526-இல் வில்லியம் திண்டேல் தம் புதிய ஏற்பாட்டில் இச்சொல்லை நீக்கி ‘லவ்’ என்று எழுதினார். 1529-இல் சர் தாமஸ் மோர் இதைக் கண்டித்தார். ‘லவ்’ எவ்வகைப் பற்றையும் குறிக்கும், ‘சாரிட்டி’யோ நல்லொழுங்குடைய அன்பையே குறிக்கும் என்பது அவர் வாதம். மக்கள் வழக்கில் ‘சாரிட்டி’ பிச்சையிடுதலையும் இரக்கத்தையும் குறிப்பதாகிவிட்டது, எனவே அது ‘அகாப்பே’யைத் தாங்காது என 1531-இல் திண்டேல் மறுமொழி கூறினார்.

1611-இன் மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் பாதி இடம் கொடுத்தனர். 1 யோவான் 4:8-இல் இறைவனைக் குறித்து ‘லவ்’ என்றனர். 1 கொரிந்தியர் 13-இல் ‘சாரிட்டி’ என்றனர். மூலத்தில் இரண்டும் ‘அகாப்பே’தான். இவ்விடத்தில் அவர்கள் பணி குறையுடையது என்றே நாம் கருதுகிறோம். இறைவனின் இயல்பாகிய அன்பே விசுவாசியிடத்தில் தேடப்படும் அன்பு என்னும் தொடர்பை ஆங்கில வாசகன் இழந்தான்.

இதற்கிடையே சட்டமும் இச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. 1601-இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் இயற்றிய அறச்சொத்துச் சட்டம், ஏழைகளின் உதவியோடு பாலங்கள், நெடுஞ்சாலைகள் பழுதுபார்த்தலையும் இதன்கீழ்ச் சேர்த்தது. 1853-இல் இத்தகைய சொத்துக்களைக் கண்காணிக்க ஓர் ஆணையமே அமைக்கப்பட்டது. உள்ளத்தின் நிலையாயிருந்தது செயலாகி, செயல் நிறுவனமாயிற்று. ‘சாரிட்டியைப்போல் குளிர்ந்தது’ என்று ஆங்கிலேயர் பழமொழியாகச் சொல்லும் அளவுக்குச் சொல்லின் அனல் தணிந்தது. 1881-இன் திருத்திய மொழிபெயர்ப்பு 1 கொரிந்தியர் 13-இல் ‘லவ்’ என்பதை மீண்டும் அமர்த்தியது.

அப்படியாயின் திண்டேல் வென்றாரா? முழுமையாக அன்று. இன்று ‘லவ்’ என்னும் சொல் உணவின்மேல் உள்ள விருப்பத்தையும் காதலர் மயக்கத்தையும் ஒருங்கே குறிக்கிறது. மோர் அஞ்சியதும் நிறைவேறிற்று. எச்சொல்லும் ‘அகாப்பே’க்கு நிரந்தரக் காவலன் அன்று என்பதே இவ்வரலாறு கற்பிப்பது.

நம் தமிழ் வேதாகமம் இவ்விரு பகுதிகளிலும் ‘அன்பு’ என்றே மொழிபெயர்த்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு. ஆயினும் நாம் பெருமை பாராட்ட இடமில்லை. அறநெறி முழுவதையும் குறித்த ‘தருமம்’ என்னும் சொல், நம் தெருக்களில் தட்டில் விழும் நாணயத்தின் பெயராய்ச் சுருங்கவில்லையா? கொடுப்பவன் பெறுபவனை அருமையானவனாக எண்ணாதபோதே சொல் சிறுக்கத் தொடங்குகிறது. அகராதி அதைப் பின்னரே பதிவுசெய்கிறது.

ஆகவே இவ்வதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாம், சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடலாகாது. நம் சபையின் உதவிப் பட்டியலில் உள்ள ஏழையின் பெயரை நாம் அறிவோமா? அவன் வீட்டில் அமர்ந்து அவனோடு பேசியிருக்கிறோமா? அன்பு என்னும் சொல்லின் பொருள் நம் நாட்களில் காக்கப்படுமா, கரையுமா என்பது இக்கேள்விகளுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தது.