வீட்டிலேயே மெயில் சர்வர்: வாங்குவது எளிது, அனுப்புவதுதான் பாடு

சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை மெயில் சர்வராக்க முடியுமா? முடியும். உபுண்டு போட்டு, மெயில்கவ் என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றிப் பார்த்தேன். அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்காட், ஸ்பாமைச் சலிக்கும் ஆர்ஸ்பாம்டி என்று தனித்தனியே நிறுவப் போனால் முதுகொடியும் வேலைகளை எல்லாம் டாக்கரில் கட்டி ஒரே பொட்டலமாகத் தருகிறது. சில கட்டளைகள், கொஞ்சம் பொறுமை. பிரவுசரில் நிர்வாகப் பக்கம் வந்துவிடுகிறது.

ரேம் விஷயத்தில் மட்டும் பெருந்தீனி. குறைந்தது 6 ஜிபி கேட்கிறது. கிளாம்ஏவி வைரஸ் ஸ்கேனரே 1 ஜிபிக்கு மேல் விழுங்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது எதற்கு என்று அணைத்துவிட்டேன்.

உண்மையான தொல்லை கணினியில் இல்லை, இணைய இணைப்பில் இருக்கிறது. மெயில் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது 25ஆம் போர்ட் வழியாக. ஸ்பாமுக்குப் பயந்து பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் அதை மூடியே வைத்திருக்கின்றன. போதாததற்கு சிஜிநாட்: ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் ஏற்பாடு. அதில் வெளியிலிருந்து அஞ்சல் உள்ளே வரவே வழியில்லை. தனியாகப் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கிய பிறகுதான் அஞ்சல்கள் வந்து விழுந்தன.

அனுப்பியவை? சில திரும்பின, சில ஸ்பாம் பெட்டிக்குப் போயின. வீட்டு இணைப்புகளுக்கான ஐபி வரிசைகளை ஸ்பாம்ஹாஸ் அமைப்பு பிபிஎல் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கிருந்து நேராக வரும் அஞ்சலைப் பல சர்வர்கள் வாசலிலேயே மறுத்துவிடும். 'இந்த ஐபி யாருடையது' என்று கேட்டால் நம் சர்வர் பெயரைச் சொல்லவேண்டிய பிடிஆர் பதிவும் இணைய நிறுவனத்தின் கையில். வாடிக்கையாளர் சேவையில் பிடிஆர் என்றால் என்னவென்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அஞ்சல் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று எதிர்முனைக்கு உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் நம் பொறுப்பு. டிஎன்எஸ்ஸில் என்ன எழுதவேண்டும் என்று மெயில்கவ்வே காட்டிவிடுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் கறாராகிவிட்டதால் இதில் சோம்பல் கூடாது.

கடைசியில், வெளியே போகும் அஞ்சலை மட்டும் 587ஆம் போர்ட் வழியாக, நமக்காக அஞ்சலை அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையிடம் ஒப்படைத்தேன். மெயில்கவ்வில் அதற்கு வசதி உண்டு. பாதி சுதந்திரம் போயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அஞ்சல் போய்ச் சேர்ந்தால் போதும்.

மின்வெட்டுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். நம் சர்வர் அணைந்திருந்தால் எதிர்முனை திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை. பயப்படவேண்டியது ஹார்ட் டிஸ்க்குக்கு. வேறொரு டிஸ்க்கில் பேக்கப் கட்டாயம்.

அஞ்சலைப் பெறவும் சேமிக்கவும் வீட்டு சர்வர் தாராளமாகப் போதும். அனுப்ப ரிலே வேண்டும். வங்கிக் கணக்கு, வேலை விண்ணப்பம் போன்றவற்றை உடனே இதற்கு மாற்றிவிடாதீர்கள். நிலையான ஐபி கிடைக்காத இணைப்பென்றால், இதில் இறங்கவே வேண்டாம்.