மயிலிறகு ஏற்றிய வண்டி: பாலைவனப் போரும் ஒரு பலகை ஆட்டமும்

விளையாட்டு என்றாலே பொழுதுபோக்கு, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. சதுரங்கத்தைப் பற்றி எழுதினால் மதிப்பார்கள். பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் என்று எழுதினால் நாட்டார் வழக்காறு என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் நடந்து முடிந்த ஒரு பெரும் போரை அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்துத் தரும் பலகைப் போர் ஆட்டங்களைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் பேசியதில்லை. அவற்றுள் மிகக் கடினமானது என்று பெயர் வாங்கிய ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் ஆளை இழுக்கிறது, ஏன் கடைசியில் சோர வைக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குள் ஒரு வரலாற்றுக் கேள்வியும் இருக்கிறது. ஒரு போரின் உண்மையைச் சொல்ல எத்தனை விதிகள் வேண்டும்?

பெட்டிக்குள் வந்த போர்

சதுரங்கத்தில் போர் என்பது உருவகம் மட்டுமே. எந்த நாடு, எந்த ஆண்டு என்ற கேள்வி அங்கே இல்லை. போரை வரைபடத்தின் மேல் வைத்து அளந்து ஆடும் முறை பிரஷ்ய நாட்டில் உருவானது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் படை அதிகாரி 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். உண்மையான நில வரைபடம், படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், பகடை, இழப்பைக் கணக்கிடும் அட்டவணைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர். அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காகவே அது பயன்பட்டது.

அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1950களில் இதைப் பொதுமக்கள் வாங்கும் பொருளாக மாற்றினார். அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனமும், 1969இல் ஜிம் டனிகன் நியூயார்க்கில் தொடங்கிய எஸ்.பி.ஐ. நிறுவனமும் இந்தத் துறையை வளர்த்தன. அறுகோணக் கட்டங்கள் வரைந்த தாள் வரைபடம். படைப்பிரிவின் பெயரும் வலிமையும் அச்சிட்ட சதுர அட்டைச் சில்லுகள். பகடையை உருட்டிப் பார்க்கும் அட்டவணை. இவ்வளவுதான் சாமான். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற ஆட்டமும் உண்டு, மாதக்கணக்கில் நீள்கிறதும் உண்டு.

எஸ்.பி.ஐ. 1979இல் வெளியிட்ட 'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா' இந்தப் பாதையின் எல்லைக்கல். வடிவமைத்தவர் ரிச்சர்ட் பெர்க். இரண்டாம் உலகப் போரில் 1940இல் எகிப்து எல்லையில் தொடங்கி லிபியப் பாலைவனம் முழுக்க முன்னும் பின்னும் ஆடிய போரே பொருள். வரைபடத்தை விரித்தால் சுமார் பத்தடி நீளம். சில்லுகள் ஆயிரத்து அறுநூறு அளவில். ஒரு சுற்று என்பது போரில் ஒரு வாரம். முழு ஆட்டத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட சுற்றுகள். பக்கத்துக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர் ஆட வேண்டும். முழுவதும் முடிக்கச் சுமார் 1,500 மணி நேரம் ஆகும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 500 வாரம், அதாவது ஒன்பதரை ஆண்டுக்கும் மேல். போர் நடந்ததே மூன்று ஆண்டுக்கும் குறைவுதான்!

ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

இதை வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஆட்டத்துக்கு ஒரு வாதம் இருக்கிறது, அது நல்ல வாதமும்கூட.

பாலைவனப் போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ரோம்மலும் மாண்ட்காமரியும், புழுதி பறக்கும் டாங்கிகளும்தான். ஆனால் அந்தப் போரை நடத்தியது தண்ணீரும் பெட்ரோலும். ஜெர்மன், இத்தாலியப் படைகளின் முக்கியத் துறைமுகம் திரிபோலி. அங்கிருந்து பெங்காசிக்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், எகிப்து எல்லை அதற்கும் அப்பால். பெட்ரோலைச் சுமந்து போகும் லாரிகளே வழியில் அதில் பெரும்பங்கைக் குடித்துவிடும். ரோம்மல் வென்று முன்னேற முன்னேற அவருடைய கை வறண்டுகொண்டே வந்தது. பிரிட்டிஷ் படைகள் மேற்கே துரத்திக்கொண்டு போனபோது அவர்களுக்கும் அதே கதிதான். வரலாற்றாசிரியர் மார்ட்டின் வான் கிரெவெல்ட் 1977இல் வெளியிட்ட நூலில், ரோம்மலின் தோல்விக்குத் துறைமுகங்களின் கொள்ளளவும் தூரமும் எவ்வளவு காரணம் என்று விரிவாக வாதிட்டார்.

இந்த உண்மையைத்தான் ஆட்டம் ஆடுபவரின் விரல் நுனியில் கொண்டுவந்து வைக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் எரிபொருள், வெடிமருந்து, உணவு, தண்ணீர் என்று தனித்தனிக் கணக்கு. சேமித்த பெட்ரோல் சுற்றுக்குச் சுற்று ஆவியாகும். தொடக்க காலத்தில் பிரிட்டிஷ் தரப்புக்கு இந்த இழப்பு அதிகம், ஏனெனில் அவர்களுடைய கலன்கள் மட்டம். இது கற்பனை இல்லை. பிரிட்டிஷாரின் மெல்லிய தகர டின்கள் ஒழுகுவதற்குப் பேர்போனவை. ஜெர்மானியரின் கெட்டியான இருபது லிட்டர் கேனைப் பார்த்துப் பின்னால் அவர்களும் அதே மாதிரி செய்துகொண்டார்கள். 'ஜெர்ரிகேன்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஒரு டின்னின் தரம் ஒரு படையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்தால் தலையாட்டிவிட்டுப் போவோம். ஆட்டத்தில் நம் டாங்கிகள் நகர முடியாமல் நிற்கும்போது அது உறைக்கிறது.

பெங்களூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. அல்சூர் ஏரிப் பக்கம் தலைமையகம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர், நான்காவது இந்திய டிவிஷனோடு அந்தப் பாலைவனத்தில் இருந்தார்கள். 1940 டிசம்பரில் சிடி பர்ரானியில் இத்தாலியப் படையை முறியடித்ததில் அந்த டிவிஷனுக்குப் பெரும்பங்கு உண்டு. பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது, தண்ணீருக்கு வழி செய்வது என்று சாப்பர்களின் வேலை எதுவும் எளிய ஆட்டங்களில் தென்படாது. அங்கே டாங்கிதான் ராஜா. தண்ணீரையும் பாதையையும் எண்ணுகிற ஆட்டத்தில்தான் இவர்களுடைய உழைப்புக்கு ஓர் எடை கிடைக்கிறது. சிக்கலான ஆட்டத்தின் பக்கம் என் மனம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சோர்வு எங்கே தொடங்குகிறது?

அப்படியென்றால் குறை எங்கே? நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இதன் முதல் சுற்றை மட்டும் ஆடிப் பார்த்தோம். ஞாயிறு இரண்டு போனது. கணக்குத் துறையில் வேலை பார்க்கும் நண்பர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சார் இது, வாரம் பூரா ஆபீஸ்ல பண்றதையே இங்கயும் பண்ணச் சொல்றீங்க?" என்றார். சிரித்தோம், ஆனால் இந்த ஆட்டத்தின் மீது வைக்கக்கூடிய மிகச் சரியான விமர்சனம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

உண்மையான போரில் எந்தத் தளபதியும் டின்களை எண்ணவில்லை. அதற்கு நூற்றுக்கணக்கான எழுத்தர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தளபதி முன் வந்தது ஒரு சுருக்கமான அறிக்கை, அதுவும் பாதி தவறாகவும் தாமதமாகவும். அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் அவருடைய வேதனை. ஆட்டமோ ஆடுபவரை ஒரே நேரத்தில் தளபதியாகவும் கிடங்கு எழுத்தராகவும் ஆக்குகிறது. அவருக்கு எல்லாக் கணக்கும் துல்லியமாகத் தெரியும், முடிவெடுக்கத்தான் நேரமில்லை. இப்படி, போரில் இருந்த ஒவ்வொரு பொருளையும் கொண்டுவந்த ஆட்டத்தில், போரில் இருந்த எந்த மனிதனின் அனுபவமும் கிடைக்காமல் போகிறது. பத்துப் பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தது இதற்கு ஒரு மருந்துதான். ஆனால் வழங்கல் பொறுப்பை ஏற்பவர் பாவம், ஒன்பதரை ஆண்டும் அவருக்குக் கூட்டல் கழித்தல்தான்.

இன்னொன்று. இந்த ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற விதி, இத்தாலியப் பிரிவுகளுக்கு மட்டும் பாஸ்தா வேக வைக்கக் கூடுதல் தண்ணீர் தர வேண்டும் என்பது. அது கிடைக்காவிட்டால் அவர்களின் ஊக்கம் குன்றும். 'எப்படிப்பட்ட நுணுக்கம் பாருங்கள்' என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் பெர்க் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நேர்காணலில் உண்மையைச் சொல்லிவிட்டார். இத்தாலியர்கள் டின்னில் வந்த தக்காளிச் சாறிலேயே பாஸ்தாவைச் சமைத்துக்கொண்டார்களாம். ஆக, நுணுக்கத்துக்கு உச்சம் என்று கொண்டாடப்படும் விதி உண்மைக்கு விரோதம், பாதி வேடிக்கைக்காக எழுதியது. முழு ஆட்டமும் சமநிலையாக இருக்கிறதா என்று சோதித்து முடிக்காமலேயே அச்சுக்குப் போனதும் அவர் மறைக்காத செய்திதான்.

வேடிக்கை செய்தார் என்பதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. விவரம் அதிகமானால் நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. தண்ணீரை இவ்வளவு நுட்பமாக எண்ணுகிறவர் மற்றதையும் சரியாகத்தான் எண்ணியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். அடிக்குறிப்பு நிறைந்த நூலைப் பார்த்தவுடன் ஆய்வு ஆழமானது என்று எண்ணிவிடுவது போல. விவரம் வேறு, உண்மை வேறு.

பழைய பாடமும் புதிய வழிகளும்

வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்கிறார். இறகு லேசானதுதான், அளவு மிஞ்சினால் அச்சே முறியும் என்கிறார். அரசன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் எடைபோடுவதைப் பற்றிய இடம் அது. ஆட்ட வடிவமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. பெர்க்கின் விதிகளில் எந்த ஒன்றையும் தனியே எடுத்துப் பாருங்கள். நியாயமானது, லேசானது, 'இதைச் சேர்த்தால் என்ன' என்றுதான் தோன்றும். அச்சு முறிவது அத்தனையும் சேரும்போது.

பிரஷ்யர்களுக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. ரைஸ்விட்ஸின் விதிகளும் அட்டவணைகளும் நாளடைவில் பெருகி ஆட்டத்தை அழுத்தின. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அனுபவம் உள்ள நடுவர் ஒருவர் தம் பட்டறிவால் தீர்ப்புச் சொன்னாலே போதும் என்று அவற்றை ஒதுக்கிவைத்தார். ஆட்டம் விரைந்தது. ஆனால் நடுவரின் முன்முடிவுகளும் கூடவே வந்தன. அட்டவணையோடு வாதாடலாம், மேலதிகாரியோடு வாதாட முடியுமா?

நம் காலத்தில் வேறு வழிகள் வந்துவிட்டன. தி கேமர்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'டி.ஏ.கே.' என்ற ஆட்டமும் அதே பாலைவனப் போர்தான். அதுவும் எளிதல்ல, ஆனால் வழங்கல் முழுவதையும் பொதுவான சரக்குச் சில்லுகளாகச் சுருக்கிவிடுகிறது. இருக்கிற சரக்கைத் தாக்குதலுக்குச் செலவிடுவதா, வண்டிகளை நகர்த்தவா என்ற ஒரே கேள்வி நம் முன் நிற்கும். டின்னை எண்ண வேண்டியதில்லை, பற்றாக்குறையின் நெருக்கடி மட்டும் அப்படியே இருக்கிறது. தளபதியின் வேதனை இங்கே எனக்குக் கிடைத்தது.

கணக்கையெல்லாம் கணினியிடம் விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அப்படிப்பட்ட கணினி ஆட்டங்கள் இருக்கின்றன, நல்லவையும் கூட. ஆனால் அங்கே கணக்கின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் நடக்கிறது, என் படை ஏன் நின்றது என்று பல நேரம் எனக்குத் தெரிவதில்லை. தாளில் அச்சிட்ட ஆட்டத்தில் ஒவ்வொரு விதியும் ஒரு வரலாற்றுக் கூற்று. அதைப் படிக்கலாம், மறுக்கலாம், பாஸ்தா விதியைப் போலத் தவறென்று காட்டலாம். அந்த வெளிப்படைத்தன்மையைக் கைவிட எனக்கு மனமில்லை.

முடிவாக

'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா' ஆடுவதற்குத் தோற்ற ஆட்டம், படிப்பதற்கு வென்ற நூல் என்பது என் மதிப்பீடு. அதன் விதிப்புத்தகத்தைப் போர் பற்றிய ஓர் ஆய்வேடாக எடுத்துக்கொண்டால் கற்க நிறைய உண்டு. ஐயப்படவும் நிறைய உண்டு. ஆட விரும்பும் இளைஞர்கள் சிறிய ஆட்டங்களில் தொடங்கட்டும். விதி எத்தனை என்று பார்க்காமல், ஒவ்வொரு விதியும் நம்மை என்ன முடிவெடுக்க வைக்கிறது என்று பார்க்கட்டும்.

எனக்கு ஓர் ஆசையும் உண்டு. அந்தப் பத்தடி வரைபடத்தில் நான்காவது இந்திய டிவிஷன் சில எண்கள் அச்சிட்ட சில்லுகளாக மட்டுமே இருக்கிறது. இரவில் கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை திறந்த ஒரு சாப்பர் கம்பெனியை மட்டும் வைத்து, நாலே பக்க விதிகளோடு, ஒரு மாலைக்குள் முடிகிற சிறிய ஆட்டம் ஒன்றை நம்மவர் யாராவது செய்ய வேண்டும். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம் முதலில் திறப்பது என்ற மூன்று முடிவுகள் போதும். அல்சூர்ப் பக்கம் போய் வருகிற நம் பிள்ளைகளுக்கு, அந்த மதிலுக்குப் பின்னால் இருக்கிற கதை அப்போதாவது தெரியவரும்.