எளிய தமிழும் பிழைச்செய்தியும்: கட்டற்ற மென்பொருள் நிரலாக்கப் பாடங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருள் கருவிகளையும் நிரலாக்க மொழிகளையும் தமிழில் கற்பிக்கும் பாடங்கள் கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெருகி வந்துள்ளன. அவை பற்றிய விவாதம் பெரிதும் கலைச்சொல்லாக்கத்தைச் சுற்றியே நிகழ்கிறது. கணியம் வெளியீடுகள், எழில் நிரல்மொழி, ஸ்போக்கன் டுடோரியல் காணொளிப் பாடங்கள், மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்கள் ஆகியவற்றை நன்னூல் கூறும் பாயிர, உரை இலக்கணங்களின் துணையுடன் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கலைச்சொல்லைக் காட்டிலும் பிழைச்செய்தியை எதிர்கொள்ளும் முறையே இப்பாடங்களின் தகுதியைக் காட்டும் அளவுகோல் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், நிரலாக்கப் பாடம், காண்டிகையுரை, கலைச்சொல், பிழைச்செய்தி, சேர்வராயன் மலை.

முன்னுரை

நிரலாக்கப் பாடங்களை அறிவியல் தமிழ் என்னும் வகைக்குள் அடக்கி, அவற்றின் சொற்களை மட்டும் பட்டியலிடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. எனினும் இப்பாடங்கள் தமக்கெனக் கட்டமைப்பும் கூற்றுமுறையும் வாசகரும் உடைய உரைநடை வகையாகும். வேறொருவர் இயற்றிய கருவியை மூலமாகக் கொண்டு, அதன் பொருளைக் கற்பவருக்குத் திறந்துகாட்டும் செயலையே இவை செய்கின்றன. அவ்வகையில் இவற்றை உரை மரபின் இன்றைய நீட்சியாகக் கொள்வது பொருந்தும்.

பவணந்தி முனிவர் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகியவற்றை உறுப்புகளாகக் கூறுகிறார். பாயிரத்தில் கூறவேண்டியவற்றுள் கேட்போரையும் ஒன்றாக வைக்கிறார். நிரலாக்கப் பாடங்களை மதிப்பிட இவ்வளவுகோல்கள் இன்றும் உதவுகின்றன. இவற்றுள் கருத்தைத் தமிழ்ப் பாடங்கள் பெரும்பாலும் குறையின்றித் தந்துவிடுகின்றன. ஆகவே கேட்போர், பதப்பொருள், காட்டு, வினாவிடை ஆகியவற்றின்மீதே இக்கட்டுரை கவனம் கொள்கிறது.

கேட்போர்

சேலம் மாவட்டத்தின் ஏற்காடு வட்டத்தை இங்கு ஒரு களமாகக் கருதலாம். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களுக்கும் இடையே தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. அங்குப் பயின்று உயர்கல்விக்காகச் சமவெளிக்கு இறங்கும் முதல் தலைமுறை மாணவரே தமிழில் எழுதப்படும் நிரலாக்கப் பாடத்தை மிகுதியும் வேண்டுபவர். ஆங்கிலம் நன்கு அறிந்தவருக்குத் தமிழ்ப் பாடம் கூடுதல் வசதி. இவருக்கோ அதுவே வாயில்.

இம்மாணவரிடம் கட்டற்ற கருவிகள் முன்னரே சென்று சேர்ந்துள்ளன. 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அறிமுகமான புதிய மேல்நிலைப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக்குச் சி பிளஸ் பிளஸ், 12ஆம் வகுப்புக்குப் பைத்தான் என நிரல்மொழிகள் அமைந்தன. அவற்றின் பாடநூல்கள் தமிழிலும் வெளிவந்தன. ஆகவே கருவி கிடைத்ததா என்னும் வினாவைக் கடந்து, கருவியோடு தனித்திருக்கும் மாணவருக்கு எந்த உரை துணைநிற்கிறது என்னும் வினாவை எழுப்ப வேண்டியுள்ளது.

பதப்பொருள்

2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழ் கட்டற்ற கணிநுட்பத்தைத் தமிழில் தொடர்ந்து எழுதிவரும் களமாகும். து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் அதன் வழியே பரவலாயின. மைஎஸ்க்யூஎல், ஜிஎன்யூ லினக்ஸ், எச்டிஎம்எல் போன்ற பொருள்களைப் பற்றிய இந்நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. துறைச்சொற்களைப் பெரும்பாலும் ஆங்கில வடிவிலேயே நிறுத்தி, வாக்கிய அமைப்பையும் விளக்கத்தையும் தமிழில் தருவது இவ்வரிசையின் நடை. இதனைத் தூய்மை நோக்கில் குறைகூறுவோர் உளர். ஆனால் திரையில் காணும் சொல்லும் நூலில் காணும் சொல்லும் ஒன்றாக இருப்பது தொடக்கநிலை மாணவருக்குப் பெரும் துணை.

பள்ளிப் பாடநூல்கள் இதற்கு மாறாகத் தமிழ்க் கலைச்சொற்களைப் பயில்கின்றன. கணிதத்தில் ‘சார்பு’ என வழங்கும் கருத்தின் நிரலாக்க வடிவம் அங்குச் ‘செயற்கூறு’ ஆகிறது; எழில் மொழியில் ‘நிரல்பாகம்’ ஆகிறது; தன்னார்வலர் பாடங்களில் ‘ஃபங்ஷன்’ எனவே நிற்கிறது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு பாடத்தை முடித்து அடுத்ததற்குச் செல்லும் மாணவர் இந்நான்கும் தொடர்புடையவை என்பதைத் தாமே கண்டறிய வேண்டியுள்ளது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதோடு பிற வழக்குகளையும் ஓரிடத்தில் சுட்டிச் செல்வது உரையாசிரியர் கடமை. பாடவேறுபாடு காட்டும் பழைய உரைகள் இதனைச் செய்தன.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் இன்னும் ஆழமான முயற்சி. 2007ஆம் ஆண்டு முதல் வளர்ந்து 2013இல் பொதுவெளிக்கு வந்த இம்மொழி பைத்தானின்மேல் இயங்குகிறது. சிறப்புச் சொற்களைத் தமிழாக்கியதோடு நில்லாமல், தொடரமைப்பிலும் இது தலையிடுகிறது. ஆங்கில அடிப்படையிலான மொழிகளில் ‘இஃப்’ நிபந்தனைக்கு முன் நிற்கும். எழிலில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வரும். ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சம் தமிழில் நிபந்தனைத் தொடரின் இறுதியில் நிற்பதை இது பின்பற்றுகிறது. ‘வரை’ என்னும் மடக்குச் சொல்லும் அவ்வாறே பின்வருகிறது.

இவ்விலக்கண உணர்வு பாராட்டத்தக்கது. எனினும் இன்றைய வழக்கில் ‘ஆனால்’ என்பது எதிர்மறைத் தொடர்பைக் குறிக்கும் இடைச்சொல்லாகவே முதலில் ஒலிக்கிறது. வெளியீட்டுக்குரிய ‘பதிப்பி’ என்னும் ஏவலோ, தன் செயப்படுபொருளுக்கு முன்னேயே நின்றுவிடுகிறது. ஒரே மொழியில் நிபந்தனை தமிழ் வரிசையையும் ஏவல் ஆங்கில வரிசையையும் பின்பற்றும் இம்முரணை எழில் பற்றிய ஆய்வுகள் விரிவாகப் பேச வேண்டும்.

காட்டு

தமிழ்ப் பாடத்தின் எடுத்துக்காட்டுகள் தமிழிலிருந்தே எழ வேண்டும் என்பது உணர்ச்சி சார்ந்த கோரிக்கை அன்று. அது கற்பித்தல் தேவை. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்று விடை வரும். மூன்றெழுத்துச் சொல் ஐந்தாவது எவ்வாறு? யூனிக்கோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தமிழ் இலக்கணமும் கணினியின் எண்ணிக்கையும் இங்கு மாறுபடுகின்றன. ஓபன் தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நிரலகம் எழுத்துகளைத் தமிழ் முறையில் பிரித்து மூன்று எனக் காட்டுகிறது.

ஆங்கிலச் சொற்களை எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடத்தை மொழிபெயர்த்தால் இச்சிக்கல் எழவே எழாது. மாணவர் தம் பெயரைத் தமிழில் உள்ளிடும் நாளில்தான் அது வெளிப்படும். அப்போது தாம் தவறிழைத்ததாகவே அவர் எண்ணக்கூடும்.

வினாவும் விடையும்

காண்டிகையின் வினா, விடை ஆகிய உறுப்புகளே இவ்வகைப் பாடங்களில் மிகவும் மெலிந்துள்ளன. கட்டளை தரப்படுகிறது, அதன் சரியான வெளியீடு தரப்படுகிறது, அடுத்த தலைப்பு தொடங்குகிறது. ஆனால் தொடக்கநிலையாளர் சரியான வெளியீட்டைக் காண்பதற்கு முன் பலமுறை பிழைச்செய்தியையே காண்கிறார். கருவி மாணவரிடம் எழுப்பும் வினா அது. அவ்வினா ஆங்கிலத்தில் வருகிறது. பாடம் அந்த இடத்தில் மௌனம் காக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். பைத்தான் 3 வரிசை, மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட இடமளிக்கிறது. ‘மொத்தம்’ என்று பெயரிட்ட மாறியைப் பின்னொரு வரியில் புள்ளி விடுபட ‘மொததம்’ எனத் தட்டச்சு செய்தால், ‘நேம் எரர்’ எனத் தொடங்கி, அப்பெயர் ‘நாட் டிஃபைன்ட்’ எனக் கூறும் செய்தி தோன்றும். ஆங்கிலத் தொடரின் நடுவே மாணவரின் தமிழ்ச்சொல் நிற்கும். இதனை ‘வரையறுக்கப்படவில்லை’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கணிதப் பாடத்தின் வரையறையே நினைவுக்கு வரும். ‘இப்பெயருக்கு இதுவரை எந்த மதிப்பும் தரப்படவில்லை, எழுத்துப்பிழை உள்ளதா எனப் பார்க்கவும்’ என்பதே இங்கு வேண்டிய உரை.

செய்தியைப் படிக்கும் வரிசையும் கற்பிக்கத்தக்கதே. பைத்தானின் பிழைச்செய்தி நீண்டதாயின் இறுதி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். இறுதி வரியில் முக்காற்புள்ளிக்கு முன்னுள்ளது பிழையின் வகை, பின்னுள்ளது விளக்கம், அதற்கு மேலே நிரலின் வரி எண் இருக்கும். சி மொழியில் அரைப்புள்ளி விடுபட்டால், தொகுப்பி அதற்கு அடுத்த வரியைச் சுட்டுவதும் உண்டு. அரைப்பக்கத்தில் அடங்கும் இச்செய்திகள் மாணவரின் ஓர் இரவுத் தவிப்பைத் தவிர்க்கக்கூடியவை.

இவ்வகையில் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய இக்குறும் காணொளிகளில் திரை ஆங்கிலத்திலும் குரல் தமிழிலும் அமைகின்றன. சி, சி பிளஸ் பிளஸ் பாடங்களில் ஒரு குறியை வேண்டுமென்றே நீக்கி, பிழையை வரவழைத்து, வரி எண்ணைக் காட்டி, பின்னர்த் திருத்தும் பகுதிகள் உள்ளன. மூலத்தை மாற்றாமல் அதன் அருகே தமிழ் விளக்கம் ஒலிக்கும் இவ்வமைப்பு ‘மூலமும் உரையும்’ என்னும் பதிப்பு மரபுக்கு மிக நெருக்கமானது. இணைய இணைப்பின்றியும் பயன்படுத்தத்தக்கது என்பதால் மலையூர்களுக்கும் பொருந்துவது. எனினும் காணொளி ஓடிவிடுகிறது. பிழை தோன்றும் கணத்தில் புரட்டிப் பார்ப்பதற்கு எழுத்து வடிவிலான உரையே ஏற்றது.

மறுப்பும் விடையும்

பணியுலகின் மொழி ஆங்கிலமாதலால் பிழைச்செய்தியை மாணவர் ஆங்கிலத்திலேயே பழகட்டும் என்று மறுப்போர் உளர். அக்கூற்றின் முற்பாதி உண்மை. பிழைச்செய்தியை முற்றிலும் தமிழாக்கிவிட்டால் அதே தொடரைக் கொண்டு பிறர் கண்ட தீர்வுகளைத் தேடும் வழியும் அடைபடும். ஆனால் அதிலிருந்து பெறப்படுவது உரை வேண்டாம் என்பதன்று. மூலத்தை மாற்றாத உரை வேண்டும் என்பதே. 2021இல் வெளியான பைத்தான் 3.10 பதிப்பில் பிழைச்செய்திகள் பல தெளிவாக்கப்பட்டன. தவறாக எழுதிய பெயருக்கு நெருங்கிய பெயரைச் சுட்டும் வசதியும் சேர்க்கப்பட்டது. ஆங்கிலம் அறிந்தோருக்கே அச்செய்திகள் போதிய தெளிவுடன் இல்லை என்பதையே இத்திருத்தம் காட்டுகிறது. அவ்வாறாயின் தமிழ்வழி மாணவருக்கு விளக்கம் தேவையில்லை எனக் கொள்வது எங்ஙனம்?

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. கணியம் நூல்கள் வாசகரை அஞ்சச் செய்யாத நடையைத் தந்தன. எழில் தொடரியலில் தமிழை வைத்து எண்ணிப் பார்த்தது. பாடநூல்கள் கலைச்சொல்லை நிலைபெறச் செய்தன. ஸ்போக்கன் டுடோரியல் பிழையையும் பாடமாக்கியது. இந்நான்கின் வலிமையும் ஒரே பாடத்தில் கூடவில்லை.

கணியம் வெளியீடுகளும் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களும் பகிர்ந்து மேம்படுத்த இடமளிக்கும் உரிமத்துடன் வெளிவருவதால், அவற்றைக் குறைகூறுவதோடு நிற்க வேண்டிய நிலையில் ஆய்வாளர் இல்லை. அடிக்கடி தோன்றும் பிழைச்செய்திகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மூலம், பதவுரை, காரணம், திருத்தம் என நான்கு கூறுகளில் உரை வரைவதைக் கணினித்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து மேற்கொள்ளலாம். சேர்வராயன் மலையிலிருந்து முதல் பருவத்திற்கு வரும் மாணவர் நிரலாக்கம் தமக்கு வராது என முடிவுசெய்வது பெரும்பாலும் ஒரு பிழைச்செய்தியின் முன்னிலையில்தான். அவ்விடத்தில் தமிழ் உரை அவர் கையில் இருக்க வேண்டும்.