இடுப்பு மூட்டுப் பரிசோதனை: தேடலும் பொறுமையும்

பிறந்த குழந்தையின் தொடை எலும்புத் தலை, இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு. முதல் சில மாதங்களில் தெரிந்தால், கால்களை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் பட்டை கட்டியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் பலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். ஆகவே பரிசோதனை வேண்டுமா என்பதில் சர்ச்சை இல்லை. யாருக்கு, எப்படி என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

பழைய வழி, கையால் பார்ப்பது. 1937இல் இத்தாலியின் ஆர்டோலானி விவரித்த முறையில், முழங்காலை மடக்கித் தொடையை மெல்ல வெளிப்பக்கம் விரிப்பார்கள். விலகிய எலும்புத் தலை குழிக்குள் திரும்பினால் விரலுக்குத் தட்டுப்படும். செலவில்லை, கருவி வேண்டாம். ஆனால் குழந்தை அழுது காலை விறைத்தால் ஒன்றும் பிடிபடாது. குழி ஆழமற்றிருந்தும் மூட்டு விலகாத குழந்தை, தேர்ந்த கைக்கும் தப்பிவிடும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது 1980இல் ஆஸ்திரியாவின் கிராஃப் வகுத்த அல்ட்ராசவுண்ட் முறை. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் 1990களிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் என்று முடிவெடுத்தன. பிரிட்டனோ எல்லோரையும் கையால் பார்த்துவிட்டு, சந்தேகம் எழுந்தவர்களுக்கும், வயிற்றில் தலைமேலாக இருந்தவர்களுக்கும், குடும்பத்தில் இக்குறை உள்ளவர்களுக்கும் மட்டும் ஸ்கேன் செய்கிறது. இதில் செலவு மிச்சம். ஆனால் தாமதமாகக் கண்டறியப்படும் குழந்தைகள் பலருக்கு இந்தக் காரணங்கள் எதுவுமே இருப்பதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஸ்கேன்தான் விடையா? நார்வேயின் பெர்கனில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. கையால் மட்டும் பார்த்த குழுவோடு ஒப்பிட்டால், எல்லோருக்கும் ஸ்கேன் செய்த குழுவில் தாமதமாகத் தெரியவந்தவர்கள் ஆயிரத்துக்கு 1.3இலிருந்து 0.3 ஆகக் குறைந்தார்கள். அதுவும் தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லுமளவு பெரிய வித்தியாசமில்லை. சிகிச்சை பெற்றவர்களோ 1.8 சதவீதத்திலிருந்து 3.4 ஆனார்கள். இத்தனை பேருக்கும் சிகிச்சை தேவைதானா? பிறந்த குழந்தைகளின் தளர்ந்த மூட்டுகளில் 88 சதவீதம் இரண்டு மாதத்துக்குள் தானே இறுகிவிடுவதை மருத்துவர் பார்லோ 1962இலேயே எழுதியிருந்தார். பட்டையும் ஆபத்தற்றதல்ல, அரிதாக எலும்புத் தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தையே கெடுத்துவிடும்.

கண்டதையெல்லாம் உடனே கட்டிப்போடும் அவசரம்தான் பிழை, ஸ்கேன் அல்ல. லேசான குறையைச் சில வாரம் விட்டு மறுபடி பார்ப்பதே முறை. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டமும் இக்குறையைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. இங்கே எல்லோருக்கும் ஸ்கேன் கைக்கெட்டாது. ஆனால் ஆறாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தை எப்படியும் வருகிறது. அன்றைக்கே தொடைகள் இரண்டும் சமமாக விரிகின்றனவா என்று பார்த்துவிட்டால், பிரசவ வார்டில் தப்பியவர்கள் பலர் அங்கே பிடிபடுவார்கள்.