இயைபு தப்பிய பிரார்த்தனை

ஆங்கில பக்திக் கவிதையை ரசிக்க விரும்பும் வாசகர், அதன் தத்துவத்தை ஆராயப் புகுமுன் அதன் ஓசைக்குச் செவியைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அப்பழக்கத்துக்கு ஜார்ஜ் ஹெர்பர்ட்டைவிடச் சிறந்த ஆசானை நான் அறியேன். 1593-ல் வேல்ஸ் நாட்டு மாண்ட்கோமரியில் பிறந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் அதிகாரபூர்வச் சொற்பொழிவாளர் என்ற உயர்ந்த பதவியை வகித்து, பின்னர் 1630-ல் சாலிஸ்பரியை அடுத்த பெமர்ட்டன் என்னும் சிற்றூருக்குக் குருவாகச் சென்ற அவர், மூன்று ஆண்டுகளுக்குள் காலமானார். மரணப் படுக்கையிலிருந்து தம் கைப்பிரதியை நண்பர் நிக்கலஸ் ஃபெரருக்கு அனுப்பி, துயருற்ற ஓர் ஆத்மாவுக்கேனும் பயன்படுமானால் அச்சிடலாம், இல்லையேல் எரித்துவிடலாம் என்று அவர் சொல்லியனுப்பியதாக, அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதிய ஐஸக் வால்ட்டன் கூறுகிறார். 'தி டெம்பிள்' என்ற பெயரில் அந்நூல் 1633-ல் வெளிவந்தது.

அதில் 'டினையல்' என்ற கவிதையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் தன் கூக்குரலுக்குச் செவிசாய்க்கவில்லை என்று ஒரு பக்தன் முறையிடுவதே பொருள். பாடல் ஆறு பகுதிகள் கொண்டது. பகுதிக்கு ஐந்து அடிகள். தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையை எதிர்பார்க்கும். இங்கே அடியின் இறுதியில் இயைபைத் தேட வேண்டும். முதல் நான்கு அடிகள் ஒன்றுவிட்டு ஒன்று இயைந்து வர, ஐந்தாம் அடி மட்டும் எதனோடும் சேராமல் தனித்து நின்றுவிடுகிறது. ஐந்து பகுதிகளிலும் இப்படியே. ஆறாவதில்தான், சுருதி கலைந்து கிடக்கும் தன் நெஞ்சைச் சுருதி கூட்டும்படி பக்தன் வேண்டுகிறான். வேண்டும்போதே கடைசி அடி இயைந்துவிடுகிறது. அருள் கிடைத்தது என்று கவிஞர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பம் முடிவதற்குள் அது ஏற்கப்பட்டுவிட்டதைச் செவியே அறிந்துகொள்கிறது. ஆகையால் இதை உரக்கப் படியுங்கள்; ஐந்து முறை ஏமாந்த செவிக்கே ஆறாம் முறையின் அருமை தெரியும். பெமர்ட்டனிலிருந்து வாரம் இருமுறை சாலிஸ்பரி தேவாலயத்துச் சங்கீதத்தைக் கேட்க நடந்துபோனவர் என்று வால்ட்டன் சொல்லும் மனிதரிடம், சுருதியைப் பற்றிய இந்த நுட்பம் இருப்பதில் வியப்பில்லை.

அடிகள் குறுகிப் பின் விரிந்து சிறகின் வடிவம் கொள்ளும் 'ஈஸ்டர் விங்ஸ்' பலரும் புகழ்வது. அழகுதான், எனினும் அதன் இன்பம் பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடுகிறது.

'லவ்' என்ற தலைப்பில் அவர் எழுதிய மூன்றில் இறுதியானதோ பலமுறை திரும்பப் படிக்கத் தக்கது. அன்பே வடிவான விருந்தளிப்பவர் அழைக்க, புழுதியும் பாவமும் படிந்த விருந்தாளி வாசலில் தயங்குகிறான். தான் தகுதியற்றவன் என்கிறான்; அவரை ஏறிட்டுப் பார்க்கவும் கூசுகிறான்; அந்தக் கண்களைப் படைத்தவர் யார் என்று அவர் கேட்க, அவற்றைத் தான் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறான்; அந்தப் பழியை ஏற்றவர் யாரென்று தெரியாதா என்கிறார் அவர். அப்படியானால் பந்தியில் பரிமாறவாவது செய்கிறேன் என்கிறான். தாழ்மையின் வேஷத்தில் ஒளிந்திருக்கும் கடைசி அகந்தை அது. அதற்கும் இடமில்லை, உட்கார்ந்து உண்ண வேண்டும், அவ்வளவே. மனிதன் தன் புண்ணியத்தால் சம்பாதிக்க முடியாததைக் கிருபையாகவே பெறுகிறான் என்ற கிறிஸ்தவ விசுவாசமும், நற்கருணைப் பந்தியும் இந்தச் சிறு சம்பாஷணையில் அடங்கிவிடுகின்றன. இறுதி அடியில் ஓரசைச் சொற்கள் ஆறே. நன்றியோ துதியோ அதில் இல்லை.

பதினெட்டு அடிகள்தாம், மனப்பாடம் செய்துவிடலாம். யூதக் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய், தலைவலி உக்கிரமாக வாட்டிய வேளைகளில் இதைத் தமக்குள் சொல்லிக்கொள்வார். அழகிய கவிதை என்று மட்டுமே நினைத்து ஓதிவந்தது, தம்மை அறியாமலே பிரார்த்தனையின் சக்தியைப் பெற்றிருந்தது என்று பிற்காலத்தில் ஒரு குருவுக்கு எழுதினார்.