‘வெண்பா’வை ரசிக்கும் விதம்
கானடா நாட்டின் டொரண்டோ நகரிலிருந்து விசை கேம்ஸ் என்னும் சிறிய ஸ்தாபனம் தன் முதல் சிருஷ்டியாக 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற வீடியோ கேமை, வேகத்தையும் வெற்றியையுமே விளையாட்டின் லட்சணமாகக் கருதிப் பழகிய மனத்தோடு அணுகுகிறவர், அதன் சாரத்தை இழந்தேவிடுவார். 2016இல் வந்த ‘ஓவர்குக்டு’ என்னும் புகழ்பெற்ற ஆட்டம் கடிகாரத்தை எதிரியாக நிறுத்திச் சமையலறையைப் போர்க்களமாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து கானடா சென்று குடியேறிய, ‘வெண்பா’வின் படைப்பாளியான அபியும் அவருடைய சகாக்களும் அந்தக் கடிகாரத்தையே அகற்றிவிட்டார்கள்.

1988இல் கானடாவில் வாழும் வெண்பா, பாவலன் தம்பதியரோடு கதை ஆரம்பமாகிறது. வெண்பாவின் தாயார் எழுதித் தந்த சமையற் புத்தகம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்க, இல்லாமற்போன படியை ஊகித்து நிரப்புவதே நம் வேலை. இட்லித் தட்டுகளை அடுக்குகையில் கீழ்க்குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வந்துவிட்டால், ஆவி செல்ல வழியின்றி, உப்பி எழும் மாவு மேல்தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? திண்டுக்கல் வீடுகளில் பெண்கள் கண்ணால் பாராமலே தட்டைச் சற்றுத் திருப்பி வைக்கும் அந்தக் கைப்பழக்கம், இங்கே ஒரு புதிராக உருவெடுக்கிறது. தவறினால் தண்டனை இல்லை, மறுபடி அடுக்கலாம். பிழைக்கு இடந்தரும் இந்தப் பெருந்தன்மையைத்தான் நான் இவ்விளையாட்டின் தலையாய அழகு என்பேன்.

பிரியாணியும் உண்டு. சீரகசம்பா மணத்தில் வளர்ந்த நம்மூர்க்காரர்கள், அரிசி இன்னதென்று ஆராய்வதை ஒத்திவைத்து, எது முன், எது பின் என்ற வரிசையைக் கவனிப்பது நல்லது. சமைக்கையில் பின்னணியில் ஒலிக்கும் வானொலியையும் காதால் தொடருங்கள். ஆண்டுகள் நகர நகர, அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் பாணியில் பாட்டும் மாறிக்கொண்டே போகும்.

பிற்பகுதியில் மகன் கவினாக நாமே மாறி, அரைகுறையாகத் தெரிந்த தமிழைத் தடுமாறிப் படித்துச் சமைக்கவேண்டி வருகிறது. சரளமாகத் தமிழ் படிக்கும் நமக்கு, அயல்நாட்டில் பிறந்த பிள்ளையின் சங்கடத்தை உபதேசமின்றி உணர்த்திவிடும் கட்டம் அது. அங்கே அவசரப்படவே கூடாது.

2024இல் ‘பாஃப்டா’ என்னும் பிரிட்டிஷ் திரைக்கலை அமைப்பின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்ற இந்த ஆட்டம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே மாலையில், இயலுமானால் அன்னையாரையும் அருகில் அமர்த்திக்கொண்டு ஆடுங்கள். கிழிந்த பக்கத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று அவரையே கேளுங்கள்.