திருச்சி பேர் போட்ட நோட்டு

பழைய ரூபாய் நோட்டு சேகரிப்பவர்களுக்கு வேதம் மாதிரி ஒரு புத்தகம் இருக்கிறது. கிஷோர் ஜுன்ஜுன்வாலாவும் ரெஸ்வான் ரசாக்கும் சேர்ந்து 2012-ல் கொண்டுவந்த இந்தியக் காகிதப் பண வழிகாட்டி. யார் கையெழுத்து, என்ன வரிசை என்று தேடுகிறவர்களுக்கு உத்தமமான புத்தகம். ஆனால், கேட்டலாக் ஜாதிக்கே ஒரு பலவீனம் உண்டு. நோட்டு அச்சகத்திலிருந்து கிளம்பியதைச் சொல்லும். கடைத்தெருவில் அது பட்ட பாட்டைச் சொல்லாது.

நம்ம திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1861-ல் காகிதப் பணச் சட்டம் வந்து, பாங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற வங்கிகள் போட்டுக்கொண்டிருந்த நோட்டுகளை நிறுத்தி, அந்த உரிமையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. தேசத்தை 'சர்க்கிள்'களாகப் பிரித்தார்கள். மெட்ராஸுக்குக் கீழே கள்ளிக்கோட்டை, திருச்சி என்று துணை சர்க்கிள்கள். விக்டோரியா காலத்து நோட்டில் 'டிரிச்சினாப்போலி' என்று ஊர்ப் பேரே இருந்தது. சேகரிப்பவருக்கு அது ஓர் அபூர்வ வகை, அவ்வளவுதான்.

அந்த ஒரு பேருக்குள் எத்தனை அவஸ்தை, யோசித்துப் பாருங்கள். ஒரு சர்க்கிள் நோட்டு அடுத்த சர்க்கிளில் சட்டப்படி செல்லாது. வைகுண்ட ஏகாதசிக்குக் காசியிலிருந்து ஸ்ரீரங்கம் வருகிறவர் அலகாபாத் நோட்டை நீட்டினால், கடைக்காரர் வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பெரிய மனசு பண்ணி வாங்கினாலும் 'வட்டம்' பிடித்துக்கொள்ளலாம். (சர்க்கிளுக்கும் தமிழில் வட்டம்தான். மொழிக்குக் குசும்பு ஜாஸ்தி!) 1903-ல்தான் 5 ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, எல்லா இடத்திலும் செல்லும் என்று ஆனது. 10, 50 ரூபாய்களுக்கு 1910. நூறு ரூபாய்க்காரர் 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் பாதி நோட்டு. தபாலில் திருடு போய்விடும் என்று பயந்து நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். 'கிடைத்தது' என்று பதில் வந்த பிறகுதான் மறுபாதி. இரண்டிலும் எண் இருந்ததால் ஜோடி சேர்த்துக் காசாக்கிவிடலாம். இன்றைய தரப்பட்டியலில் இந்த மாதிரி ஒட்டுப்போட்ட நோட்டுக்கு மதிப்பு குறைவு. யார் கையும் படாத மொடமொட நோட்டுக்குத்தான் ராஜ மரியாதை. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. பெட்டியை விட்டே வெளியே வராத நோட்டு என்ன கதை சொல்லும்?

உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு பாதி கிடைத்தால் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். லாமினேட்டும் பண்ணாதீர்கள். இன்னொரு பாதி எந்த ஊர்ப் பெட்டியில் இருக்கிறதோ!